பனிக்காலத்திலும் சாடியிலேயே நிற்கும் கண்டுகள்: ஒரு ஸ்காபரோ வாசல் கணக்கு

செத்த கண்டு துளிர்த்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு சாடியில் ரோஸ் ஒஃப் ஷரன் வைத்திருந்தேன். எங்கள் செவ்வரத்தைக்குக் குளிர்நாட்டுச் சொந்தக்காரி அவள். பூவைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் அதே முகம், நடுவில் அதே நீட்டுக் குச்சி. சாமிக்கு வைக்க வாசலிலேயே பூ இருக்க வேண்டுமென்ற ஆசை. கண்டில் கட்டியிருந்த அட்டையில் சோன் 5 என்று இருந்தது. சோன் என்றால் குளிர் வலயம், எண் குறையக் குறையக் குளிர் கூட. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் இருப்பது சோன் 6. ஐந்தைத் தாங்குகிறது ஆறைத் தாங்காதா என்று கணக்குப் போட்டு, பனிக்காலம் முழுக்க வெளியிலேயே விட்டுவிட்டேன்.

மே கடைசியில் கொப்பெல்லாம் பச்சை முளை. "இஞ்சருங்கோ, ஓடி வந்து பாருங்கோ, பிழைச்சிட்டுது" என்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜூன் இரண்டாம் கிழமை இலையெல்லாம் தொங்கிப்போனது. தண்ணீர் காணாதாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். கடைசியில் தண்டைப் பிடித்து இழுத்தேன். மண்ணுக்குள் ஒரு பிடிப்பும் இல்லை, அப்படியே கையோடு வந்தது. வேரெல்லாம் தேயிலைச் சக்கை நிறம். விரலால் உருவினால் தோல் கழன்று உள்ளே நார் மட்டும் மிஞ்சியது. வேர் பனிக்குள்ளேயே செத்துவிட்டது. கொப்பில் மிச்சமிருந்த சத்தை வைத்துத்தான் அந்த முளைகள் வந்திருக்கின்றன.

அன்றைக்குப் பிறகு கடையில் கண்டு பார்க்கப் போனால் இலையைப் பார்க்கிறதில்லை, வேரைத்தான் நினைக்கிறேன். நிலத்தில் நிற்கிற மரத்தின் வேருக்குப் பூமியே போர்வை. வெளியில் மைனஸ் 20 அடித்தாலும் ஸ்னோ மூடிய மண் கொஞ்சம் ஆழத்தில் பூச்சியத்தை ஒட்டித்தான் இருக்கும். சாடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாலு பக்கமும் காற்று, வெளியில் என்ன குளிரோ ஓரிரு நாளில் உள்ளேயும் அதுதான். வேருக்குக் கொப்பளவு குளிர் தாங்கும் பலமும் கிடையாது. அதிலும் தண்ணீர் உறிஞ்சுகிற இளவேர்கள்தான் ஆகப் பலவீனம், அவைதான் சாடியின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

அட்டையில் இருக்கிற சோன் எண் நிலத்தில் நடுகிற கண்டுக்கு. அமெரிக்க வரைபடத்தின் கணக்கில் சோன் 6 என்றால் வருஷத்தின் ஆகக் குளிரான இரவு சராசரியாக மைனஸ் 18க்கும் 23க்கும் இடையில். சோன் 5 மைனஸ் 29 வரை, 4 மைனஸ் 34 வரை, 3 மைனஸ் 40 வரை. கனடாவின் சொந்த வரைபடம் மழை, ஸ்னோ, காற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவதால் எண் கொஞ்சம் முன்பின் வரும், அதற்காகத் தலையை உடைக்க வேண்டாம். சாடிக்கு வாங்குகிறீர்களா, உங்கள் சோனில் இரண்டைக் கழியுங்கள். நான் 6, அதனால் 4 அல்லது அதற்குக் கீழே உள்ளதைத்தான் தொடுவேன். அடுக்குமாடியில் மேல்மாடி பல்கனி என்றால் காற்றுக்காக மூன்றைக் கழியுங்கள். எங்களைவிடக் குளிர் கூடிய எட்மன்டனில் இருக்கிற என் தங்கச்சிக்கு இந்தக் கழித்தல் சரிவராது. கழித்தால் மிஞ்சுகிற பட்டியல் உள்ளங்கையளவுதான். அவள் சாடியை அப்படியே தோட்டத்து மண்ணுக்குள் புதைத்துவிடுகிறாள். அதுவும் நல்ல வழிதான், இடம் இருந்தால்.

கறிவேப்பிலை, மல்லிகை, தேசிக்காய்க் கண்டு வைத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு அவற்றை வெளியில் விட்டுவிடாதீர்கள். அவை செப்டெம்பரிலேயே வீட்டுக்குள் வர வேண்டிய பிள்ளைகள்.

என் வாசலில் ஆக அதிக நாள் நிற்பது டுவார்ஃப் அல்பேர்ட்டா ஸ்ப்ரூஸ், சோன் 3. குட்டிக் கோபுரம் மாதிரிக் கூராக, யாரும் வெட்டிவிடாமலே அந்த வடிவத்தில் வளரும். 1904இல் அல்பேர்ட்டாவில் லேக் லூயிஸுக்குப் பக்கத்தில், பொஸ்டன் ஆர்னல்ட் தாவரத் தோட்டத்துக்காரர் இரண்டு பேர் காட்டுக்குள் கண்டெடுத்த குள்ள மரத்தின் வம்சம்தான் இன்றைக்குக் கடைகளில் நிற்கிற அத்தனையும். ரொக்கி மலைக் குளிரில் பிறந்ததுக்கு எங்கள் ஜனவரி பெரிய விஷயமில்லை. அதுக்கு எமன் மார்ச் மாதத்து வெயிலும் காற்றும். மேலே வெயில் பட்டு ஊசியிலை தண்ணீர் கேட்கும், கீழே வேர் ஐஸுக்குள் இருக்கும், கொடுக்க ஏலாது. வெயில் பக்கத்து ஊசிகள் கருகி, ஏப்ரலில் அரை மரம் மண்ணிறமாக நிற்கும். முதல் வருஷம் எனக்கு அப்படித்தான் ஆனது. இப்போது டிசெம்பரில் தெற்கும் மேற்கும் பார்த்த பக்கத்துக்கு ஒரு சாக்குத் துண்டைத் தடி நட்டுக் கட்டிவிடுகிறேன். மரத்தைச் சுற்றிச் சுத்தாதீர்கள், தட்டி மாதிரி மறைத்தால் போதும். கோடையில் சிலந்திப்பேன் வரும், கிழமைக்கு ஒருக்கால் ஹோஸ் பைப்பால் உள்கொப்பு வரைக்கும் வேகமாக அடித்துக் கழுவினால் போய்விடும்.

கூர்க் கோபுரம் பிடிக்காதவர்களுக்கு மூகோ பைன் இருக்கிறது. ஐரோப்பாவின் மலை உச்சிகளில் காற்றைச் சாப்பிட்டு வளர்ந்த சாதி, குந்தியிருக்கிற ஆளைப்போல உருண்டையாக நிற்கும். சாடி விளிம்பால் வழிய வேண்டுமென்றால் தரையோடு படர்கிற ஜூனிப்பர். கனடாவின் சொந்தக் கண்டு, பனிக்காலத்தில் ஊதா கலந்த நிறத்துக்கு மாறும். செத்துப்போச்சு என்று பிடுங்கிவிடாதீர்கள், வசந்தத்தில் பச்சைக்குத் திரும்பும்.

இலை கொட்டுகிறவற்றில் எனக்குப் பிடித்தது சிவப்புத் தண்டு டொக்வுட். சோன் 2. கோடையில் யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணப் பற்றை அது. இலை விழுந்து ஸ்னோ கொட்டினால்தான் அதன் நேரம்: வெள்ளைக்குள் குங்குமத் தண்டுகள். பழைய தண்டு மங்கிப்போகும் என்பதால் வருஷா வருஷம் மூன்றில் ஒரு பங்கைத் தூரோடு வெட்டிவிடுவேன். ஜூனிலிருந்து குளிர் தொடங்கும்வரை மஞ்சளாகப் பூக்கிற பொட்டென்டில்லாவும் அப்படித்தான், கல்லுப்போல உறுதி. ஹைட்ரேஞ்சா வேண்டுமென்றால் கூம்புப் பூ வைக்கிற பனிக்கிள் வகையை மட்டும் வாங்குங்கள், சோன் 3. கடை வாசலில் நீலமும் றோஸுமாகக் கொழுத்த உருண்டைப் பூவோடு நிற்கிறதே, அதைச் சாடியில் வைத்தால் பூமொட்டு பனியில் கருகி அடுத்த வருஷம் இலை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

ரோஜா இல்லாமல் இருக்க ஏலாதவர்களுக்கு எக்ஸ்ப்ளோரர் வரிசை. ஒட்டாவாவில் அரசாங்கத்தின் விவசாய ஆராய்ச்சிக்காரர்கள் கனடாக் குளிருக்கென்றே உருவாக்கி, பழைய நாடுகாண் பயணிகளின் பெயரை வைத்தார்கள். சாடிக்கு நான் வைத்திருப்பது ஹென்றி ஹட்சன். இடுப்பளவுக்கு மேல் வளராது, வெள்ளைப் பூ, நல்ல வாசம். வாங்கும்போது சொந்த வேரில் வளர்ந்த கண்டா என்று கேளுங்கள். ஒட்டுக்கண்டு என்றால் மேல்பகுதி செத்து அடிமரம் மட்டும் துளிர்த்து, கேட்காத பூவைத் தரும்.

சமையலுக்கு? வெங்காயத்தாளுக்குப் பதிலாகப் போடுகிற சைவ்ஸ், சாடியில் எத்தனை பனிக்காலம் கண்டாலும் ஏப்ரலில் முதலில் தலைநீட்டும். புதினாவும் என்னிடம் இதுவரை சாகவில்லை, சாகடிக்க நினைத்தும் பார்த்திருக்கிறேன். சமையலை விட்டால், நிழலான இடத்துக்கு இலை அழகுக்காக வளர்க்கிற ஹோஸ்டா. தட்டையான ஆழமில்லாத சாடிக்கு, இங்கே கோழியும் குஞ்சும் என்று சொல்கிற செம்பர்விவம். அதுக்குக் குளிர் பயமில்லை, ஈரம் தேங்கினால்தான் அழுகும்.

வாங்க வேண்டாம் என்று சொல்கிறவை இவை: ஜப்பானிய மேப்பிள், லவெண்டர், ரோஸ் ஒஃப் ஷரன். நிலத்தில் மூன்றும் இங்கே நன்றாக வரும், சாடியில் சூதாட்டம். பொக்ஸ்வுட் என்கிற எப்போதும் பச்சையாக நிற்கிற பற்றையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வாசலிலும் சோடி சோடியாக அதுதான் நிற்கிறது. இலை குளிரைத் தாங்கும், வேர் ஆகப் பலவீனம். போதாக்குறைக்கு 2018இல் வட அமெரிக்காவிலேயே முதல் தடவையாக பொக்ஸ்வுட் அந்துப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது எங்கள் ரொறன்ரோவில்தான். புழு கொப்பை மொட்டையாக்கிவிட்டுப் போகும். அந்தக் காசுக்கு ஸ்ப்ரூஸ் வாங்கலாம்.

சாடி விஷயம். சுட்ட களிமண் சாடி பார்க்க வடிவு, பனிக்கு ஆகாது. சுவர் தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் ஐஸாகும்போது கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும், சுவர் செதில் செதிலாக உரியும் அல்லது ஒரேயடியாக வெடிக்கும். ஊர்ச் சட்டி மாதிரி இருக்கிறதென்று ஆசையாக வாங்கிய ஒன்று எனக்கு இரண்டு துண்டாகப் போனது; உள்ளே மண் சாடி வடிவத்திலேயே உறைந்து நின்றது. மரம், ஃபைபர் கிளாஸ், தடித்த பிளாஸ்ரிக் நல்லது. வாய் விட்டமும் ஆழமும் 45 சென்டிமீற்றருக்குக் குறையக் கூடாது, மண் கூடக்கூட உள்ளே குளிர் ஏறுவது மெதுவாகும். நான் உள்சுவர் சுற்றிவர ஒரு அங்குல ரெஜிபோம் துண்டுகளை வைத்து அதன் பிறகு மண் போடுகிறேன். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினால் கூட வருமே, அதே ரெஜிபோம்தான். அடியில் ஓட்டை கட்டாயம், சாடிக்குக் கீழே சின்ன மரக்கட்டைகள் வைத்துத் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டை ஐஸால் அடைபடும். தோட்டத்து மண்ணைப் போடாதீர்கள், கொங்கிறீற் மாதிரி இறுகும். சாடிக்கென்று விற்கிற கலவை மண்தான் சரி.

கண்டை வசந்தத்திலேயே வாங்கி வைத்தால் வேர் பிடிக்க ஆறுதலாக நேரம் கிடைக்கும். செப்டெம்பர் மலிவு விற்பனையில் வாங்குவதும் பிழையில்லை, ஆனால் மண் உறைய ஆறு கிழமையாவது இருக்க வேண்டும். கடைச் சாடியை மெல்லக் கழற்றிப் பாருங்கள். வேர் வளையம் வளையமாகச் சுத்தியிருந்தால் விரலால் பிரித்துவிட்டு நடுங்கள். ஓகஸ்டுக்குப் பிறகு பசளை வேண்டாம், பசளை போட்டால் இளந்தளிர் விடும், அதுதான் முதல் பனியில் சாகும்.

எல்லோரும் பிழைவிடுகிற இடம் தண்ணீர். குளிர் வந்துவிட்டது, இனி எதுக்கு என்று ஒக்டோபரிலேயே பைப்பை நிப்பாட்டிவிடுவார்கள். காய்ந்த மண் சட்டென்று குளிரும், ஈரமண் உறைய நேரமெடுக்கும், உறையும்போது கொஞ்சம் சூட்டையும் விடும். நவம்பர் கடைசிவரை, மண் உறைகிறவரை, கிழமைக்கு ஒரு தடவை அடி ஓட்டையால் வடியுமட்டும் ஊற்றுகிறேன். வெளிப்பைப்பைப் பூட்டிய பிறகு குசினியிலிருந்து பூவாளியில்தான். உறைந்ததா என்று பார்க்கச் சாடியை விரல் முட்டியால் தட்டுங்கள், கல்லில் தட்டின சத்தம் வரும். ஜனவரியில் இடையில் இரண்டு மூன்று நாள் இளகினால், ஊசியிலை மரங்களுக்கு மட்டும் ஒரு பூவாளி.

டிசெம்பர் பிறந்ததும் எல்லாச் சாடியையும் வடக்கு அல்லது கிழக்குச் சுவரோடு ஒட்டி, ஒன்றையொன்று தொடும்படி வைத்துவிடுவேன். தெற்குச் சுவர் சூடாகத்தானே இருக்கும் என்று நினைக்க வேண்டாம், பகலில் இளகி இரவில் உறைகிற ஆட்டம்தான் வேரை அறுக்கிறது. நகரசபை எடுத்துப்போக இலையைக் கூட்டிக் கட்டுகிற பழுப்புக் கடதாசிப் பைகளில் நாலைந்தை நான் கொடுப்பதில்லை. சாடிகளுக்கு முன்னால் மதில் மாதிரி அடுக்கிவிடுவேன். மேலே ஸ்னோ விழுந்தால் இன்னும் நல்லது, வாரிக் கொட்டுங்கள். ஆனால் எந்த ஸ்னோ என்று பார்க்க வேண்டும். "தம்பி, ட்ரைவ்வே ஸ்னோவை இஞ்சை தள்ளாதை, உப்பு கிடக்கு" என்று வருஷத்துக்குப் பத்துத் தரமாவது மகனிடம் கத்துகிறேன். அவனுக்குக் கிட்ட எது கிடக்குதோ அதுதான் இடம்.

2013 கிறிஸ்மஸுக்கு முன் வந்த ஐஸ் புயலில் ஸ்ப்ரூஸ் முழுக்கக் கண்ணாடி போர்த்தி நின்றது. பாவம் பாரம் என்று தும்புத்தடியால் தட்டினேன். ஐஸ் விழவில்லை, மூன்று கொப்பு முறிந்தது. இப்போது அப்படி வந்தால் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன், தானாக உருகட்டும்.

வசந்தத்தில் அவசரப்பட வேண்டாம். ஏப்ரலில் மண் இளகியதும் தண்ணீரைத் தொடங்கிவிட்டு, கொப்பில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் அந்தக் கொப்புக்கு உயிர் இருக்கிறது, அவ்வளவுதான், வேரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதற்கு அடித்தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். மண்ணோடு சேர்ந்து கட்டியாக அசைந்தால் பயமில்லை. மே பின்பாதியில் வருகிற லோங் வீக்கெண்ட் (நீண்ட வாரவிடுமுறை) வரை எதையும் பிடுங்கி எறியாதீர்கள். ஹோஸ்டா ஆகச் சோம்பேறி, பக்கத்துச் சாடியெல்லாம் பச்சையான பிறகுதான் ஊதாக் கூர் ஒன்றை வெளியே நீட்டும்.