ஜென்டில் இட்லி

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 16 வருடமாகிறது. அதில் முதல் ஏழு வருடம் நான் சொல் சொல்லிக்கொடுத்த விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பாடம் தொடங்குமுன் இருபது ஆங்கிலச் சொல், எதிரே இருபது தமிழ் அர்த்தம் என்று கரும்பலகை நிறைய எழுதிப்போடுவேன். பிள்ளைகள் சிவப்புப் பேனாவில் கோடு போட்டு அழகாக எழுதிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைத்தால் பதினெட்டு, பத்தொன்பது என்று மார்க் வாங்குவார்கள். திங்கட்கிழமை கேட்டால் ஆறு தேறாது.

ஒருநாள் 'என் அம்மா' கட்டுரையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: 'மை மதர் மேக்ஸ் ஜென்டில் இட்லி.' வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஜென்டில் என்றால் 'மென்மையான' என்று பலகையில் எழுதிப்போட்டது யார்? நான்தான். இட்லி மென்மையாகத்தானே இருக்கும்? நான் கொடுத்ததை அவள் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறாள்.

அர்த்தத்தைக் கொடுத்தேனே தவிர, அந்தச் சொல் யார் யாரோடு சேரும் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெயரை மட்டும் சொல்லி, ஊர், உறவு எதுவும் சொல்லாமல் விட்ட மாதிரி. இப்போது நான் செய்வதை எழுதுகிறேன். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிற யாருக்கும் இது ஒத்துவரும்.

முதலில் சொல்லைக் குறையுங்கள். வாரத்துக்கு எட்டு போதும். ஒரு கல்வியாண்டில் முப்பது வாரம் உருப்படியாகக் கிடைத்தால் 240 சொல். இருபது இருபதாக எழுதிப்போட்டு ஒன்றும் நிற்காததற்கு இது எவ்வளவோ மேல். எந்த எட்டு என்பதில்தான் கவனம் வேண்டும். கடல் பயணம் பற்றிய பாடத்தில் 'மாஸ்ட்' வரும். பாய்மரக் கம்பம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எங்கள் பிள்ளைகளுக்கு அது மறுபடி எப்போது எதிர்ப்படுமோ. அதே பாடத்தில் 'அவாய்ட்', 'ஸஜஸ்ட்', 'எனஃப்' இருக்கும். பாடநூலின் கடினச்சொல் பட்டியலில் இவை பெரும்பாலும் இருக்காது, பார்க்க எளிதாகத் தெரிவதால். ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பத்துப் பக்கத்துக்குள் வந்து நிற்பவை இவைதான். எட்டில் இவற்றுக்குத்தான் இடம்.

சந்தேகம் வந்தால் ஒரு பழைய பட்டியலைப் பார்ப்பேன். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிக்கவைப்பதில் இருந்த சிரமம்தான் அவரை இந்த வேலையில் இறக்கியது. அடிக்கடி வரும் சுமார் 2,000 சொற்களைத் தொகுத்து 1953இல் அவர் வெளியிட்ட பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. பழசுதான், டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் அதில் தேடக்கூடாது. அடித்தளத்துக்கு இன்னும் உதவுகிறது.

அடுத்து, தமிழில் அர்த்தம் சொல்லத் தயங்காதீர்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் வாயில் வரக்கூடாது என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். 'அவாய்ட்' என்பதைச் சைகையால் விளக்கப் பத்து நிமிடம் நடித்தால் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான். 'தவிர்' என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டு, மிச்சமாகும் நேரத்தைச் சேர்க்கைக்குக் கொடுங்கள்.

சேர்க்கை என்று நான் சொல்வது இதுதான். இப்போது ஜென்டில் சொல்லிக்கொடுத்தால், பலகை நடுவில் அந்தச் சொல்லை எழுதி, சுற்றி வாய்ஸ், பிரீஸ், புஷ், டச் என்று நான்கு எழுதுவேன். ஒரு பையனைக் கூப்பிட்டு, 'கதவை ஜென்டிலாகத் தள்ளு' என்பேன். பூப்போலத் தள்ளுவான். 'இப்போது ஜென்டில் இல்லாமல்' என்றால் வகுப்பே அதிரும். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப்பார்ப்பார். அப்புறம் தலையணை, இட்லி, மல்லிகை மூன்றையும் எழுதி, ஜென்டில் சேருமா என்று கேட்பேன். போன வருடம் ஒருத்தி எழுந்து, 'இட்லி நம்மளை ஒண்ணும் பண்ணாது டீச்சர், நாமதான் இட்லியைப் பண்ணுவோம். அப்போ எப்படி ஜென்டில் வரும்?' என்றாள். நடந்துகொள்கிற விதத்துக்கு ஜென்டில், தொட்டால் தெரிகிற தன்மைக்கு சாஃப்ட் என்று நான் சொல்ல வைத்திருந்த விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது. அதையே இப்போது எல்லா வகுப்பிலும் சொல்கிறேன்.

தமிழ்ச் சேர்க்கை ஆங்கிலத்தில் தலைநீட்டும் இடங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாம் மாத்திரை சாப்பிடுகிறோம், அதனால் பிள்ளை 'ஈட்' போடுவான், ஆங்கிலத்தில் 'டேக்'. நாம் கனவு காண்கிறோம், அதனால் 'ஸா எ ட்ரீம்' வரும். அங்கே 'ஹேட் எ ட்ரீம்'. நாம் லைட் போடுகிறோம், அதனால் 'புட் தி லைட்' வரும். அங்கே 'ஸ்விட்ச் ஆன் தி லைட்'. இவற்றைத் தவறு என்று சுழித்தால் போதாது. 'நாம் இப்படி, அவர்கள் அப்படி' என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். சில இடங்களில் இரண்டும் ஒத்துப்போகும்: கனமழைக்கு அங்கேயும் 'ஹெவி ரெயின்'தான். அது கிடைத்தால் இலவச லாபம்.

பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலத்தையும் விடாதீர்கள். பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்கிற 'பேலன்ஸ்', சைக்கிள் ஓட்டும்போது பார்க்கிற 'பேலன்ஸ்', போனில் தீர்ந்துபோகிற 'பேலன்ஸ்' மூன்றையும் கேட்டு வாங்குவேன். முதலாவதற்கு மட்டும் அங்கே 'சேஞ்ச்' என்று திருத்தினால் போதும். 'கரண்ட்', 'சார்ஜ்' எல்லாம் இப்படித்தான், பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியிருப்பார்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட இன்னொன்று: எதிர்ச்சொற்களை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒருமுறை 'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். நமக்கு இரண்டிலும் 'கடன்' இருக்கிறதா, ஆண்டு முழுக்க எது வாங்குவது, எது கொடுப்பது என்று குழம்பினார்கள். இப்போது 'பாரோ' மட்டும் முதலில். பென்சில் வேண்டுமென்றால் அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று சட்டம். அது ஊறிப்போன பிறகு, மூன்று வாரம் கழித்து 'லெண்ட்' வரும்.

எழுத்துக்கு முன் ஒலி. சொல்லைப் பலகையில் எழுதுவதற்கு முன் ஐந்தாறு தடவை வாயால் சொல்லவைப்பேன். ஆங்கிலச் சொல்லின் தலைமேல் தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்வதைத் தடுக்க முடியாது, ஆனால் அதன் குறையைக் காட்டிவிடுங்கள். 'பேக்' என்று எழுதினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? மூன்றையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். இந்தக் கட்டுரையில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், சரி.

இவ்வளவு செய்தும் திரும்பக் கேட்காவிட்டால் எல்லாம் போய்விடும். அதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். சொல் எழுதிய சீட்டுகளைத் தடுப்பு தடுப்பாகப் போட்டு, இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கிற முறை இது, ஸெபஸ்டியான் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பியது. நான் ஸ்வீட் பெட்டியில் அட்டையைச் செருகி மூன்று தடுப்பாக்கிக்கொண்டேன். சீட்டுக்குக் காசு செலவில்லை, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அச்சடித்த முன்பக்கத்தில் வெள்ளைத்தாளைப் பிள்ளைகளே ஒட்டிவிடுவார்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலச் சொல், கீழே ஒரு பிள்ளை சொந்தமாக எழுதிய வாக்கியம். முதல் தடுப்பு தினமும், இரண்டாவது வெள்ளிக்கிழமை, மூன்றாவது மாதக் கடைசியில். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த தடுப்புக்கு நகரும். தவறினால், எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். தமிழைக் காட்டி ஆங்கிலம் கேளுங்கள், அதுதான் கடினம். பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்காமல் பத்து நொடி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது பழக ஒரு பருவம் ஆனது.

டெஸ்ட்டில் இப்போது அர்த்தம் எழுதச் சொல்வதில்லை. 'எதோடு சேராது?' என்று நான்கு கொடுத்து ஒன்றை அடிக்கச் சொல்கிறேன், பிறகு வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை அந்தச் சொல் வைத்து எழுதச் சொல்கிறேன். திருத்த நேரம் பிடிக்கும். படிக்கச் சுவாரசியமாக இருக்கும்.

பெட்டியை முதலில் வகுப்பின் தொடக்கத்தில் திறந்தேன். முகூர்த்த மாதங்களில் விடியற்காலை அம்மாவோடு பூப்பறித்துவிட்டு நாலைந்து பேர் தாமதமாக வருவார்கள். அவர்களுக்குத்தான் தினமும் அந்த ஐந்து நிமிடம் போயிற்று. இப்போது மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் திறக்கிறோம். சீட்டு எடுத்துக் கேட்பது அந்த நாலைந்து பேரின் வேலை.