வெளிநாட்டில் மொபைல் பிளான்: பலரும் சறுக்கும் இடங்கள்

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள் பிளான் தேடும்போது பார்ப்பது இரண்டு: மாதத்துக்கு எவ்வளவு, எத்தனை ஜிபி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அவைதான். அதனால் அந்த இரண்டில் ஏமாறுகிறவர்கள் குறைவு. பணம் கரைவதும், எண் பறிபோவதும், வங்கிக் கணக்குக்குள் நுழைய முடியாமல் திணறுவதும் வேறு இடங்களில் நடக்கின்றன.

பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் ஒன்றுதான். பழைய எண்ணின் வேலையையும் புதிய எண்ணின் வேலையையும் பிரித்துப் பார்க்காமல், இரண்டையும் ஒரே பிளானின் தலையில் கட்டுவது. ஊர் மாறியபின் பழைய எண் பேசுவதற்கான எண் அல்ல, கணக்குகளைத் திறக்கும் சாவி. அதற்கு டேட்டா வேண்டாம், நிமிடங்கள் வேண்டாம். எஸ்எம்எஸ் வந்தால் போதும். அன்றாடப் பிழைப்பு புதிய எண்ணில். இரண்டுக்கும் தனித்தனியாகப் பிளான் தேடினால் பாதித் தவறுகள் வாசலிலேயே நின்றுவிடும்.

பழைய எண்ணை அவசரப்பட்டு விடுவது

புது சிம் கிடைத்ததும் பழையதைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். பயன்படுத்தாத எண்ணை எந்த நிறுவனமும் சும்மா வைத்திருக்காது. ரீசார்ஜ் காலம் முடிந்து குறிப்பிட்ட நாட்கள் கடந்ததும் இணைப்பு துண்டிக்கப்படும். சில மாதங்கள் கழித்து அந்த எண் வேறொருவருக்குப் போகும். அதன்பின் உங்கள் வங்கியின் ஓடிபி அவருடைய போனில் விழும். அவர் அந்த எண்ணில் வாட்ஸ்அப் பதிவு செய்தால் நீங்கள் வெளியே தள்ளப்படுவீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு பின் வைத்திருந்தால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். எண் கைமாறும் முன்பே வாட்ஸ்அப் அமைப்புகளில் உள்ள எண் மாற்றும் வசதியால் கணக்கைப் புதிய எண்ணுக்கு நகர்த்திவிடுவதுதான் சரி.

பழைய எண்ணை வைத்திருப்பதென்றால், கிளம்புவதற்கு முன் நிறுவனத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்தால், அல்லது ஒரு அழைப்பாவது போட்டால், எண் நிலைக்கும்? வெளிநாட்டில் இருக்கும்போது எஸ்எம்எஸ் பெறுவதற்குத் தனி பேக் தேவையா? இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல இடங்களில் சர்வதேச ரோமிங் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்க அதே எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும். ரோமிங் இல்லாததால் அந்த ஓடிபி வராது. வெளிநாட்டில் இறங்கியபின் இந்த வட்டத்துக்குள் சிக்கினால் வெளியே வருவது பெரும்பாடு.

ரீசார்ஜ் செய்யும் வழியையும் முன்பே சோதித்துப் பாருங்கள். சில நிறுவனங்களின் ஆப்களும் தளங்களும் வெளிநாட்டு கார்டை ஏற்பதில்லை. பழைய நாட்டு வங்கிக் கணக்கு ஒன்றை உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

எண்ணை இணையவழி எண் சேவைக்கு மாற்றிக் குறைந்த செலவில் வைத்திருக்கலாம் என்ற யோசனையும் உண்டு. நண்பர்கள் அழைப்பதற்கு அது போதும். ஆனால் அப்படிப்பட்ட எண்களுக்கு ஓடிபி அனுப்பாத வங்கிகள் இருக்கின்றன. மாற்றுவதற்கு முன் வங்கியைக் கேளுங்கள். ஓடிபியை எஸ்எம்எஸ்ஸிலிருந்து வங்கியின் ஆப்புக்கோ மின்னஞ்சலுக்கோ மாற்ற வழியிருந்தால், அதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

பழைய எண்ணிலேயே காலம் தள்ளுவது

இது நேர் எதிர்த் தவறு. ரோமிங் பேக்கில் மாதக்கணக்கில் ஓட்டுவது. ரோமிங் டேட்டா பெரும்பாலும் நேராக இணையத்துக்குப் போவதில்லை. சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. சிக்னல் முழுதாகக் காட்டியும் வீடியோ அழைப்பு இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரோமிங் என்பது பயணிகளுக்கான சலுகை என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் முதல் உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. இந்த விதி 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இதை நம்பி ஒரு நாட்டு சிம்மை வாங்கிக்கொண்டு இன்னொரு நாட்டில் குடியிருக்க முடியாது. குறைந்தது நான்கு மாதப் பயன்பாட்டை நிறுவனம் கவனிக்கலாம். சொந்த நாட்டைவிட வெளியில்தான் அதிகம் இருந்தீர்கள், அதிகம் பயன்படுத்தினீர்கள் என்று தெரிந்தால் எச்சரிக்கை வரும். விளக்கம் தர 14 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் கூடுதல் கட்டணம் விழும்.

பயணிகளுக்கான இ-சிம்களும் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) முதல் சில நாட்களுக்குத்தான் ஏற்றவை. பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை; அவற்றில் தொலைபேசி எண் கிடையாது. வீடு பார்க்க, வங்கிக் கணக்கு திறக்க, வேலையில் சேர உள்ளூர் எண் கேட்பார்கள். இன்னொன்று: சில இ-சிம்களில் செல்லுபடிக் காலம் நெட்வொர்க்கில் முதலில் இணையும்போது தொடங்கும், சிலவற்றில் நிறுவியதுமே தொடங்கிவிடும். விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே ஆசையாக நிறுவிவைத்து, அந்த வாரத்தை இழந்தவர்கள் உண்டு.

இரட்டை சிம்மில் கவனிக்காத பொத்தான்கள்

பழைய சிம்மும் புதிய சிம்மும் ஒரே போனில் இருக்கும்போது, டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும். ஐபோனில் டேட்டாவுக்கான சிம்மைப் போனே மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஓர் அமைப்பு உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்து, பழைய சிம்முக்கு டேட்டா ரோமிங்கும் திறந்திருந்தால், புதிய சிம்மின் சிக்னல் பலவீனமாகும் இடத்தில் போன் சத்தமில்லாமல் பழைய சிம்முக்குத் தாவும். பில் வரும்வரை தெரியாது. பழைய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். தானாகத் தாவும் அமைப்பையும் அணையுங்கள். டேட்டா ரோமிங்கை அணைத்தாலும் எஸ்எம்எஸ் வரும், அது வேறு பாதை.

அழைப்புகளிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய எண்ணில் வாய்ஸ்மெயில் (அழைத்தவர் குரல் செய்தி விட்டுச்செல்லும் வசதி) இயங்கினால், நீங்கள் எடுக்காத அழைப்பு முதலில் உங்களைத் தேடி வெளிநாட்டுக்கு வந்து, மறுபடி வாய்ஸ்மெயிலுக்காகச் சொந்த நாட்டுக்குத் திரும்பும். சில நிறுவனங்கள் போன பாதைக்கும் வந்த பாதைக்கும் சேர்த்தே பணம் எடுக்கும். பெரும்பாலான நெட்வொர்க்குகளில் ##002# அழுத்தி அழைத்தால் எல்லா அழைப்புத் திருப்பல்களும் ரத்தாகும். இதையும் கிளம்பும் முன் செய்வது உத்தமம்.

போனைச் சோதிக்காமல் பிளான் வாங்குவது

முதலில் சிம் லாக், அதாவது ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி போனைப் பூட்டிவைப்பது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். கட்டுப்பாடு இல்லை என்று காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் வேறு நிறுவன சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே எளிய சோதனை. பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் லாக் செய்த போன்களை நிறுவனங்கள் விற்க முடியாது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. தவணையில் வாங்கிய போனின் லாக், தவணை முடியும்வரை திறக்காமல் போகலாம்.

அடுத்தது அலைவரிசை. 4ஜி என்று எழுதியிருந்தாலே எல்லா ஊரிலும் ஓடிவிடாது. கட்டடத்துக்குள்ளும் ஊருக்கு வெளியேயும் சிக்னலைக் கொண்டுவருவது குறைந்த அதிர்வெண் பட்டைகள்தான்: ஐரோப்பாவில் 800 மெகாஹெர்ட்ஸில் பேண்ட் 20, அமெரிக்காவில் பேண்ட் 12, 13, 71, ஆஸ்திரேலியாவில் பேண்ட் 28. இவை இல்லாத போன் நகர வீதியில் பறக்கும், வீட்டுக்குள் வந்தால் படுத்துவிடும். குற்றம் பிளானுடையது என்று நினைத்து நிறுவனம் நிறுவனமாக மாறிக்கொண்டிருப்பார்கள். போனின் மாடல் எண்ணைத் தேடி, அது ஆதரிக்கும் பேண்ட்களைப் புதிய நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டால் பத்து நிமிட வேலை.

இன்று இதைவிடப் பெரிய பிரச்சினை வோல்ட்டி, அதாவது 4ஜி வழியே குரல் அழைப்பு. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜியை நிறுத்திவிட்டன. சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் 2024-ல் நிறுத்தின. அங்கெல்லாம் வோல்ட்டி இல்லாத போனில் இணையம் வந்தாலும் அழைப்பு போகாமல் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 000 என்ற அவசர எண்ணுக்கு 4ஜி வழியே அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கே தடுத்துவிடுகிறது. போனில் வசதி இருந்தால் மட்டும் போதாது. அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்ட மாடல்களின் பட்டியலிலும் அது இருக்க வேண்டும். நிறுவனத் தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) கொடுத்துச் சரிபார்க்கும் பக்கம் பெரும்பாலும் இருக்கும். *#06# அழுத்தினால் அந்த எண் திரையில் வரும்.

துருக்கியில் விதி இன்னும் கடுமை. வெளியிலிருந்து கொண்டுவந்த போனை உள்ளூர் சிம்மோடு 120 நாட்களுக்கு மேல் பயன்படுத்தக் கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், இல்லையேல் நெட்வொர்க் தடுக்கும். பாகிஸ்தானிலும் இந்தோனேசியாவிலும் ஐஎம்இஐ பதிவு முறை உண்டு.

இ-சிம்மை மட்டுமே நம்பும் முன்னும் போனைப் பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ம் வரிசையிலிருந்து சிம் தட்டே கிடையாது. சீனாவில் விற்ற ஐபோன்கள் பெரும்பாலானவற்றில் இ-சிம் கிடையாது. பழைய எண் சிம் அட்டையில் இருந்து, வாங்கப்போகும் போனில் தட்டு இல்லையென்றால், எண்ணை இ-சிம்மாக மாற்றும் வேலையை ஊரை விடும் முன் முடிக்க வேண்டும்.

அன்லிமிடெட் என்ற சொல்லை நம்புவது

வரம்பு இல்லாத பிளான்கள் பலவற்றில் வரம்பு வேகத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட ஜிபிக்குப் பிறகு வேகம் 128 கேபிபிஎஸ்ஸுக்குக் குறைந்தால், ஒரு எம்பி இறங்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வரைபடம்கூட ஒழுங்காகத் திறக்காது. ஆகவே தேட வேண்டிய வரி: எத்தனை ஜிபிக்குப் பின் எவ்வளவு வேகம்? ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உண்டா? புதிய வீட்டுக்கு இணைய இணைப்பு வரச் சில வாரங்கள் ஆகலாம். அந்தச் சில வாரமும் லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடும்.

எதிர்ப்பக்கம், தேவைக்கு மேல் வாங்குவதும் பரவலான தவறு. வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை இருப்பவருக்கு மாதம் 10 ஜிபிகூடத் தீராது. ஹெச்டி வீடியோவுக்கு மணிக்கு 3 ஜிபி வரை போகும். வாட்ஸ்அப் வீடியோ அழைப்புக்கு அதில் சிறு பகுதிதான், குரல் அழைப்புக்கு இன்னும் குறைவு. பழைய போனின் மொபைல் டேட்டா கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள். ஐபோனில் அந்தக் கணக்கு மாதாமாதம் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாது. நீங்கள் அழித்தால்தான் உண்டு. பல ஆண்டுத் தொகையை ஒரு மாதப் பயன்பாடு என்று நினைத்துப் பெரிய பிளான் எடுத்துவிடாதீர்கள்.

28 நாள் பிளானையும் ஒரு மாதப் பிளானையும் ஒப்பிடும்போது, முதலாவதற்கு ஆண்டில் 13 முறை கட்டுகிறோம் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

ரோமிங்கும் வெளிநாட்டு அழைப்பும் ஒன்று என்று நினைப்பது

புதிய நாட்டிலிருந்து வேறு நாட்டு எண்ணை அழைப்பது ரோமிங் அல்ல. அது வெளிநாட்டு அழைப்பு, அதற்கான கட்டணப் பட்டியல் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே, ரோமிங் இலவசம் என்றாலும், சொந்த நாட்டில் இருந்தபடி பக்கத்து நாட்டு எண்ணை அழைத்தால் தனிக் கட்டணம் விழலாம். இலவச வெளிநாட்டு நிமிடங்கள் தரும் பிளான்களில் நாட்டுப் பட்டியலைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, நிமிடங்கள் லேண்ட்லைனுக்கு மட்டுமா மொபைலுக்குமா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. சீனாவில் வாட்ஸ்அப்பே தடுக்கப்பட்டிருக்கிறது. வயதான பெற்றோரிடம் சாதாரண போன்தான் இருக்கிறது என்றால், வெளிநாட்டு நிமிடங்கள் வீண் செலவல்ல.

வந்ததும் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுவது

போனோடு சேர்த்துத் தரும் ஒப்பந்தம் கவர்ச்சியாக இருக்கும். விசா ஓராண்டு, வேலையில் சோதனைக் காலம் ஆறு மாதம், ஒப்பந்தம் 24 மாதம் என்றால் கணக்கு இடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் ஒப்பந்தக் காலம் 24 மாதத்தைத் தாண்ட முடியாது. ஜெர்மனியில் முன்பு ரத்து செய்ய மறந்தால் இன்னோர் ஆண்டு நீண்டுவிடும். 2021 டிசம்பருக்குப் பின், முதல் காலம் முடிந்ததும் ஒரு மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம். வேறு நாடுகளில் இந்த வசதி இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். நாட்டைவிட்டுப் போவதால் மட்டும் ஒப்பந்தம் ரத்தாகிவிடும் என்பதும் பல இடங்களில் தவறான நம்பிக்கை.

முதல் ஒன்றிரண்டு மாதம் பிரீபெய்டில் இருங்கள். கடன் வரலாறு கேட்க மாட்டார்கள், முன்பணம் கேட்க மாட்டார்கள். அந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் வீட்டுச் சமையலறையிலும், வேலைக்குப் போகும் ரயிலிலும், அலுவலக அடித்தளத்திலும் எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நிறுவனத்தின் வரைபடம் பெரும்பாலும் திறந்தவெளி சிக்னலைக் காட்டுவது; சுவருக்கு உள்ளே என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது. பெரிய நிறுவனத்தின் கோபுரத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறிய நிறுவனங்கள் விலையில் நல்ல தேர்வுதான். ஆனால் நெரிசல் நேரத்தில் அவர்களின் வாடிக்கையாளர் பின்வரிசைக்குத் தள்ளப்படலாம். வைஃபை வழி அழைப்பும் ரோமிங்கும் இல்லாமல் இருக்கலாம். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால் இவையும் தெரியும்.

நிறுவனம் மாறும்போதும் நாடு திரும்பும்போதும்

எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனம் மாற, பழைய இணைப்பை முதலில் ரத்து செய்யக் கூடாது. பல இடங்களில் ரத்தான எண்ணை மாற்ற முடியாது. புதிய நிறுவனம் எண்ணை இழுத்துக்கொண்டதும் பழைய இணைப்பு பொதுவாகத் தானே முடியும். பிரிட்டனில் பிஏசி (PAC) என்று 65075-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வரும். அது 30 நாள் செல்லும்.

போனிலிருந்து இ-சிம்மை அழித்தால் பிளானும் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது, மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். தவறுதலாக அழித்துவிட்டால், பழைய க்யூஆர் குறியீடு பெரும்பாலும் இரண்டாம் முறை வேலை செய்யாது, நிறுவனத்திடம் புதியது கேட்க வேண்டும்.

நாட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ரத்து செய்ததற்கான எழுத்துபூர்வ உறுதியை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி பில் பெரும்பாலும் கிளம்பியபின்தான் வரும். அது கழியும்வரை அந்நாட்டு வங்கிக் கணக்கை மூடாதீர்கள், பில் வரும் மின்னஞ்சல் முகவரியையும் மாற்றாதீர்கள். கட்டாத சிறு தொகைகூட வசூல் நிறுவனத்துக்குப் போய் கடன் வரலாற்றில் ஏறலாம். முன்பணம் கட்டியிருந்தால் அது திரும்பி வரவேண்டியதும் அதே கணக்குக்குத்தான்.