நியூ இங்கிலாந்து ஆஸ்டர்: ஜூனில் கிள்ளினால் செப்டம்பரில் பூக்கும்

கனடாவின் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கோடைப் பூக்கள் ஓய்ந்த பிறகு, ஈரமான புல்வெளிகளிலும் சாலையோரங்களிலும் ஊதா இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூத்து நிற்பது நியூ இங்கிலாந்து ஆஸ்டர். அந்த மண்ணுக்கே உரிய பல்லாண்டுச் செடி இது. தமிழ்நாட்டுப் பூச்சந்தையில் ஆஸ்டர் என்று விற்கப்படுவதோ சீனாவைத் தாயகமாகக் கொண்ட ஓராண்டுச் செடி. விதை வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடத்தில், செடிக்குச் செடி 60 முதல் 90 செ.மீ. இடைவெளி விட்டு நட வேண்டும். ஈரம் காக்கும் மண்ணே இதற்கு ஏற்றது. உரத்தை அள்ளிப் போட்டால் தண்டு நெடுநெடுவென வளர்ந்து சாயுமே தவிர, பூ பெருகாது. விதையிலிருந்து வளர்ப்பவர்கள் இலையுதிர்காலத்தின் கடைசியில் மண்ணின் மேற்பரப்பில் தூவி, மூடாமல் இலேசாக அழுத்திவிட்டால், பனிக்காலக் குளிரில் கிடந்து வசந்தத்தில் முளைக்கும்.

இந்தச் செடியை வளர்ப்பதில் கைத்திறன் வேண்டியது நுனி கிள்ளுவதில்தான். தானாக விட்டால் ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயர்ந்து, பூத்த பாரத்தோடு மழையில் சாய்ந்துவிடும். ஆகவே, அதே குடும்பத்தைச் சேர்ந்த செவ்வந்திக்குச் செய்வதைப் போலவே, ஜூன் தொடக்கத்தில் செடி ஓரடி உயரம் வந்ததும் ஒவ்வொரு தண்டின் கொழுந்தையும் ஓர் இலைக்கணுவுக்கு மேலாகக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகள் வெடித்து நீண்டபின், ஜூன் முடிவதற்குள் இன்னொரு முறை கிள்ளலாம். ஜூலை நடுவுக்குப் பின் கை வைத்தால் மொட்டுகளே போய்விடும், எஞ்சியவையும் பிந்திப் பூத்து உறைபனியில் சிக்கும். நன்றாக வளர்ந்த செடியைக் கிள்ள மனம் வராதவர்கள் முட்டுக்கொம்பைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

பூக்கும் தறுவாயில் அடியிலைகள் காய்ந்து உதிர்வது இதன் இயல்பு. நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. முன்வரிசையில் குட்டையான செடிகளை வைத்தால் வெறுந்தண்டு கண்ணில் படாது. இலைமேல் வெள்ளைப் பொடி பூசியதுபோல் தெரிந்தால்தான் அது சாம்பல் நோய். காற்றோட்டம் குறைந்த இடத்திலும், வேர் வறண்டு கிடக்கும்போதும் அது மிகுதியாக வரும் என்பதால், தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் காலையில் தூரில் ஊற்ற வேண்டும்.

மெக்சிகோ நோக்கித் தெற்கே பறக்கும் மொனார்க் பட்டாம்பூச்சிகளுக்கு வழியில் தேன் தருவது இத்தகைய பின்பருவப் பூக்களே. பூச்சிக்கொல்லி அடிப்பதை முற்றிலும் தவிர்க்கவும். 3 அல்லது 4 ஆண்டுகளில் தூரின் நடுப்பகுதி நலிந்துவிடும். அப்போது வசந்தத்தில் தோண்டிப் பிரித்து, வெளிப்புறத் துளிர்களை மட்டும் மறுபடி நடலாம். காய்ந்த தண்டுகளைப் பனிக்காலம் முழுதும் அப்படியே விட்டு, வசந்தத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் போதும். தண்டுக்குள் கூடு கட்டும் சிறு காட்டுத் தேனீக்களுக்கு அந்தக் கட்டைகள் பயன்படும்.