கண்டெய்னருக்குள் கன்ட்ரோல்-சி யாருக்குப் போகிறது?

நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்த சூழலுக்குள் ஓட்டும் கருவி டாக்கர். அதைப் பழகுபவர்கள் ரன் கட்டளையோடு ‘-ஐடி’ (-it) என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதில் இருப்பது இரண்டு தனித்தனி வேலை. பிரித்துப் பார்த்தால் டெர்மினல் (கட்டளை தட்டும் திரை) குழப்பம் பாதி தீர்ந்துவிடும். டாக்கர் போட்ட லினக்ஸ் கணினியைத் திறந்துகொண்டு கூடவே செய்து பாருங்கள்.

படி 1: டெர்மினல் இருக்கிறதா?

‘டாக்கர் ரன் உபுண்டு டிடிஒய்’ என்று கொடுங்கள். உபுண்டு ஒரு லினக்ஸ் வகை; டிடிஒய் (tty), எந்த டெர்மினலில் ஓடுகிறோம் என்று காட்டும் கட்டளை. ‘நாட் எ டிடிஒய்’ என்று பதில் வரும். அதையே ‘-ஐடி’ சேர்த்துக் கொடுத்தால் ‘/டெவ்/பிடிஎஸ்/0’ வரும். ‘டி’ ஒரு போலி டெர்மினலை உருவாக்கித் தருகிறது. ‘ஐ’ உள்ளீட்டை மூடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கண்டெய்னருக்கென்று தனி டெவ்பிடிஎஸ் (போலி டெர்மினல்கள் இடம்பெறும் கோப்பு அமைப்பு) இருப்பதால் எண் 0-இலிருந்து தொடங்குகிறது. உங்கள் கணினியின் பிடிஎஸ்/0 வேறு.

படி 2: செஷனைப் பாருங்கள்

செஷன் என்பது ஒன்றாக நிர்வகிக்கப்படும் புராசஸ்களின் (ஓடும் நிரல்களின்) தொகுப்பு. ‘-ஐடி’யோடு பேஷ் என்ற ஷெல்லைத் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலை) தொடங்குங்கள். இன்னொரு ஜன்னலில் ‘டாக்கர் எக்ஸெக் -ஐடி’ வழியாக அதே கண்டெய்னரில் இரண்டாவது பேஷ். இப்போது புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் ‘-இ’ கொடுத்து பிஐடி (புராசஸ் எண்), எஸ்ஐடி (செஷன் எண்), டிடிஒய் (டெர்மினல்) பத்திகளை மட்டும் கேளுங்கள். முதல் பேஷுக்கு எஸ்ஐடி 1, பிடிஎஸ்/0. இரண்டாவதற்கு வேறு எஸ்ஐடி, பிடிஎஸ்/1. ஒரு செஷனுக்கு அதிகபட்சம் ஒரு கட்டுப்படுத்தும் டெர்மினல்; ஒரு டெர்மினல் ஒரே செஷனுக்குத்தான். ‘செட்எஸ்ஐடி ஸ்லீப் 300’ என்பதைப் பின்னணியில் ஓடவிட்டுப் பாருங்கள் (ஸ்லீப் 300 என்பது 300 நொடி சும்மா காத்திருக்கும் நிரல்). அது புது செஷனுக்குப் போய்விடும், டிடிஒய் பத்தியில் கேள்விக்குறி மட்டும் நிற்கும்.

படி 3: கன்ட்ரோல்-சி

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ‘டாக்கர் ரன் -ஐடி உபுண்டு ஸ்லீப் 300’ கொடுத்துவிட்டு கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். ஒன்றும் நடக்காது! விசை போய்ச் சேராமல் இல்லை. கண்டெய்னரின் போலி டெர்மினல் அதை வாங்கி, தன் செஷனில் முன்னணியில் இருக்கும் புராசஸ் குழுவுக்கு ‘நிறுத்து’ என்று சொல்லும் சிக்இன்ட் சிக்னலை அனுப்புகிறது. ஆனால் அங்கே ஸ்லீப்தான் பிஐடி 1, அதாவது கண்டெய்னரின் முதல் புராசஸ். அந்த சிக்னலைக் கையாளத் தன்னிடம் நிரல் வைத்திராத பிஐடி 1-ஐ, உள்ளிருந்து வரும் சிக்னலால் சாகவிடாமல் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) காக்கிறது.

சரி, எப்படி வெளியே வருவது? கன்ட்ரோல்-பி, கன்ட்ரோல்-க்யூ இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால் கண்டெய்னர் ஓடிக்கொண்டிருக்க, உங்கள் ஷெல் திரும்பக் கிடைக்கும். அப்புறம் ‘டாக்கர் கில்’ போடுங்கள். அடுத்த முறை ‘--இனிட்’ சேர்த்து ஓட்டுங்கள். முதல் புராசஸாக இருப்பதற்கென்றே உள்ள ஒரு குட்டி இனிட் நிரல் பிஐடி 1 ஆக உட்கார்ந்துகொள்ள, ஸ்லீப் அதன் பிள்ளையாக ஓடும்; கன்ட்ரோல்-சி உடனே வேலை செய்யும்.