கிருஷ்ணன்னு முடியிற எல்லாரும் ஒரே குடும்பம் இல்ல: ஒரே பேர்க்காரங்கள வச்சு ஒரு தொகுப்பு எழுதறது எப்படி

கோயில் மலர், பள்ளிக்கூட தமிழ்மொழிக் கழகத்து ஆண்டிதழ், வாசகர் வட்டத்துக்கு ஒரு சின்ன கையேடு, இப்படி எதுக்காவது எழுதறவங்களுக்குத்தான் இது. ஒரு கடைசிப் பேர எடுத்துக்கிட்டு அந்தப் பேர்ல யார் யார் என்னென்ன செஞ்சிருக்காங்கன்னு தேடி, ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே இல்லாத பத்து பேர ஒரே பக்கத்துல கொண்டு வர்ற வேலை ரொம்ப நல்ல வேலை. பசங்களுக்குப் பிடிக்கும், பெரியவங்களும் படிப்பாங்க, ஏன்னா தன் பேரோ தன் அப்பா பேரோ அதுல இருக்கும். ஆனா இத வெள்ளைக்காரங்க பேர வச்சு செய்யிற மாதிரி நம்ம பேர வச்சு செய்ய முடியாது. நமக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு பெரும்பாலும் கிடையாது, ஃபாரத்துல கேக்கறாங்களேன்னு அப்பா பேர எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான்.

நான் கிருஷ்ணன்ங்கிற பேரையே உதாரணமா எடுத்துக்கறேன். கோலாலம்பூர்ல இருந்து எழுதறேன், இங்க இந்தப் பேர் இல்லாத தாமான் (குடியிருப்புப் பகுதி) இல்ல, அதோட இந்தப் பேர்ல இருக்கிற ஆளுங்க செஞ்ச வேலைகள் அவ்வளவு விதவிதமா இருக்கு.

முதல் வேலை, அந்த கிருஷ்ணன் யாரோட பேருன்னு கண்டுபிடிக்கறது. இத செய்யாம அடுத்த படிக்கு போகவே போகாதீங்க. கடைசியில நிக்கிற பேர் அந்த ஆளோட சொந்தப் பேரா இருக்கலாம், அப்பா பேரா இருக்கலாம், இல்லன்னா ஒரே பேர ரெண்டா வெட்டினதுல பின்பாதியா இருக்கலாம். டென்னிஸ் ஆடின ராமநாதன் கிருஷ்ணன எடுங்க, 1937ல பொறந்தவர், 1960லயும் 1961லயும் விம்பிள்டன் அரையிறுதி வரைக்கும் போனவர். அவரோட சொந்தப் பேர் கிருஷ்ணன், முன்னாடி நிக்கிற ராமநாதன்தான் அப்பா பேர். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் டென்னிஸ்தான், அப்பா 1954ல ஜெயிச்ச அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்த இவர் 1979ல ஜெயிச்சாரு. இவருக்கு கிருஷ்ணன்ங்கிறது அப்பா பேர். பாருங்க, ஒரே வீட்டுல, ஒரே பேர், ஒரே இடத்துல நிக்குது, ஆனா ஒருத்தருக்கு தன் பேர், இன்னொருத்தருக்கு அப்பா பேர்.

மூணாவது வகைக்கு நம்ம ஊர்க்காரரே இருக்காரு. பிரிக்பீல்ட்ஸ்ல வளர்ந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிலயும் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன்லயும் படிச்சு, பின்னாடி மேக்சிஸ் தொலைபேசி, ஆஸ்ட்ரோ டிவின்னு கம்பெனிங்கள உருவாக்கின ஆனந்த கிருஷ்ணன், 1938ல பொறந்து 2024 நவம்பர்ல காலமானாரு. அவர் அப்பா பேர் தற்பரானந்தம். ஆனந்தகிருஷ்ணன்ங்கிறது ஒரே பேர், எழுதும்போது நடுவுல இடம் விட்டதால பாதி அறுந்து கடைசிப் பேர் மாதிரி நிக்குது. இவர 'கிருஷ்ணன் குடும்பத்துத் தொழிலதிபர்'னு எழுதினா முழுக்கத் தப்பாயிடும்.

அடுத்தது முன்னெழுத்து. இதுக்கு நிறைய நேரம் கொடுங்க, ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு சொந்தம் இருக்கிற இடமே அதுதான். கர்நாடக சங்கீதத்துல வயலின்ல பெரிய பேர் வாங்கின டி.என். கிருஷ்ணன், இந்துஸ்தானி வயலின்ல அதே அளவு பெரிய பேர் வாங்கின என். ராஜம், ரெண்டு பேரும் கூடப்பொறந்த அண்ணன் தங்கச்சி. கடைசிப் பேர வச்சு தேடுறவங்களுக்கு இந்த உறவு சாகற வரைக்கும் தெரியாது, ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கிறது அந்த 'என்' மட்டும்தான், அப்பா நாராயண ஐயரோட முதலெழுத்து. அதே மாதிரி எம். கிருஷ்ணன், காட்டு விலங்குகளப் பத்தியும் பறவைங்களப் பத்தியும் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகையில 1950ல தொடங்கி 1996ல சாகற வரைக்கும் பத்தி எழுதினவர், நல்ல போட்டோகிராபர். அவரோட 'எம்' மாதவையா. ஆமா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதின அ. மாதவையாவேதான் அவர் அப்பா. கடைசிப் பேர மட்டும் பாத்துக்கிட்டு போயிருந்தா தமிழ் நாவலோட ஆரம்ப காலத்துக்கும் இந்தியாவோட காட்டுயிர் எழுத்துக்கும் நடுவுல இருக்கிற இந்த நேர் வழி கண்ணுலயே பட்டிருக்காது. எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான்.

முன்னெழுத்துல ஊர் பேரும் இருக்கும், மறந்துடாதீங்க. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோட 'என்' நாகர்கோவில், 'எஸ்' அப்பா சுடலைமுத்து. அப்ப ரெண்டு எழுத்து இருந்தா ஒண்ணு ஊரா இருக்க வாய்ப்பு அதிகம்னு வச்சுக்கிட்டு தேடுங்க. ஆனா அது சட்டம் இல்ல, ஒவ்வொரு ஆளுக்கும் தனியா பாத்துத்தான் எழுதணும்.

இப்ப ஒரு ஆளுக்கு ஒரு அட்டைன்னு எழுத ஆரம்பிங்க. போன்லயே எழுதலாம், ஆனா அட்டைய மேசையில பரப்பி வச்சு இடம் மாத்திப் பாக்குற வசதி போன்ல வராது. அட்டையில அப்பா பேர், பொறந்த ஊர், பொறந்த வருஷம், இறந்த வருஷம், தொழில், அப்புறம் நீங்களே கண்ணால பாத்து உறுதி செஞ்ச ஒரு படைப்பு, இவ்வளவு இருக்கணும். படைப்பு இல்லாத அட்டைய தனியா எடுத்து வச்சுடுங்க. ஒருத்தர் செஞ்ச வேலை இன்னொருத்தர் கணக்குல போய் விழுறது இந்த மாதிரி தொகுப்புல ரொம்ப சுலபமா நடக்கும், அது அந்த மனுஷனுக்கு நாம செய்யிற அநியாயம், செத்துப் போனவர் வந்து திருத்தவா முடியும்.

இதுக்கு நல்ல உதாரணம் சினிமாவுல இருக்கு. 1949ல வந்த 'நல்லதம்பி' படத்துல ரெண்டு கிருஷ்ணன். நடிச்சது என்.எஸ். கிருஷ்ணன், இயக்கினது கிருஷ்ணன்-பஞ்சு ஜோடி, அந்த ஜோடியில இருக்கிறவர் ஆர். கிருஷ்ணன், 1952ல 'பராசக்தி' எடுத்ததும் அதே ஜோடிதான். வெறும் 'கிருஷ்ணன்'னு போட்டு தேடினா இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளாத்தான் கலந்து வருவாங்க. இதுல இன்னொருத்தரும் சேருவாரு, எல். கிருஷ்ணன், மலாய்ப் பட இயக்குநர். பினாங்குல பொறந்த மலாய் நடிகர் பி. ரம்லிய முதல் முதலா கதாநாயகனா நடிக்க வச்ச 'பக்தி' 1950ல வந்துச்சு, அத இயக்கினது இவர்தான். படத்தோட பேரு தமிழ் மாதிரி கேக்கும், இயக்குனவரும் தமிழர், ஆனா படம் மலாய். அதனால மொழியையும் அட்டையில குறிச்சுக்குங்க. நம்ம நாட்டுப் பசங்க பி. ரம்லி படத்தையெல்லாம் டிவியில பாத்து வளர்றாங்க, அதுக்குப் பின்னாடி ஒரு தமிழர் இருந்தாருன்னு அவங்களுக்கு சொல்ல இது நல்ல இடம்.

பட்டத்தையெல்லாம் கழட்டி வச்சுட்டு தேடுங்க. டான் ஸ்ரீ, டத்தோ, டாக்டர், சர், கலைவாணர், இதெல்லாம் வாழ்க்கையில பாதியில வந்து ஒட்டினது, அதுக்கு முன்னாடி வந்த பத்திரிகை செய்தியில அது இருக்காது. புனைபேரும் அப்படித்தான், சிங்கப்பூர்ல வானொலி நாடகங்கள் எழுதின பி. கிருஷ்ணன் ஜொகூர்ல பொறந்தவர், புத்தக அட்டையில புதுமைதாசன்னு இருக்கும். 2008ல சிங்கப்பூரோட கலாசாரப் பதக்கம் வாங்கினவர். ரெண்டு பேரையும் அட்டையோட தலையில எழுதிடுங்க, இல்லன்னா ஒரே ஆளுக்கு ரெண்டு அட்டை வந்துடும்.

எழுத்து விஷயமும் கொஞ்சம் பாக்கணும். கிருஷ்ணன், கிருட்டிணன், கிருஷ்ணண்னு மூணு விதமாவும் போட்டுத் தேடுங்க. நம்ம ஊர் பழைய சூராட் பெரானாக்குல, அதாவது பிறப்புப் பத்திரத்துல, கேக்கவே வேணாம், காதுல விழுந்தத வச்சு எழுதினது, அண்ணன் தம்பிக்கே அப்பா பேர் வேற வேற மாதிரி இருக்கும்.

எங்க தேடறதுன்னா, கோலாலம்பூர்ல இருக்கிறவங்களுக்கு ஜாலான் துன் ரசாக்ல தேசிய நூலகம் இருக்கு, மலாயாப் பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறை இருக்கு. வீட்டுலேருந்தே பாக்கணும்னா சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைங்கள ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டிருக்கு, தமிழ் முரசும் அதுல இருக்கு, மலாயா காலத்து செய்திக்கு அது பெரிய உதவி. இணையத்துல கிடைக்கிற போட்டோவ மட்டும் நம்பாதீங்க, ஒரே பேர்ல இருக்கிற வேற ஆள் மூஞ்சி வந்து நிக்கும். போட்டோவுக்குக் கீழ யாரு, எந்த வருஷம், எந்த நிகழ்ச்சின்னு எழுதியிருந்தா மட்டும் எடுங்க.

அட்டைங்க தயாரானதும் வரிசை. அகர வரிசை வேணாம், எல்லாருமே கிருஷ்ணன், அதுல என்ன அகரம். தொழில் வாரியா பிரிச்சா சினிமாக்காரங்க ஒரு பக்கம், டென்னிஸ் ஒரு பக்கம்னு தனித்தனி தீவா போயிடும். என்னைக் கேட்டா வருஷத்த வச்சு அடுக்குங்க, அப்பதான் சொந்தமில்லாதவங்க பக்கத்துல பக்கத்துல வந்து உட்காருவாங்க. 1950ஐ எடுத்துக்குங்க, அங்க எம். கிருஷ்ணன் தன் பத்திய ஆரம்பிக்கிறாரு, இங்க எல். கிருஷ்ணனோட 'பக்தி' வெளிவருது. 1961ல இன்னும் நெருக்கம். ஜூன் 5 ரமேஷ் கிருஷ்ணன் பொறக்குறாரு. ஜூன் 14 கே.எஸ். கிருஷ்ணன் காலமாகுறாரு, அவர்தான் 1928ல சி.வி. ராமன் கூட நின்னு ராமன் விளைவுக்கான சோதனைகள செஞ்சவர், பின்னாடி டெல்லியில தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநரா இருந்தவர், வத்திராயிருப்புல பொறந்தவர். அடுத்த சில வாரத்துல ராமநாதன் கிருஷ்ணன் ரெண்டாவது தடவையா விம்பிள்டன் அரையிறுதியில நிக்கிறாரு. ஒரே கோடையில ஒரு பொறப்பு, ஒரு சாவு, ஒரு ஆட்டம்.

நம்ம வாசகர்களுக்குன்னே ஒரு தேதி இருக்கு. என்.எஸ். கிருஷ்ணன் காலமானது 1957 ஆகஸ்ட் 30. மறுநாள் மெர்டேக்கா, நம்ம நாட்டோட சுதந்திர நாள். அவர் இறந்த அன்னைக்கு ராத்திரிதான் கோலாலம்பூர் பாடாங் திடல்ல யூனியன் ஜாக் கொடிய இறக்கிட்டு நம்ம கொடிய ஏத்தினாங்க. மலர்ல இத ரெண்டு வரியில எழுதினாலே போதும், நம்ம நாட்டுத் தமிழர் யாரும் அந்தத் தேதிய மறக்க மாட்டாங்க.

ஆனா வருஷம் பக்கத்துல வந்ததுக்காக இல்லாத தொடர்ப கட்டிவிடாதீங்க. 'அவர் வழியில இவரும்', 'கிருஷ்ணன்ங்கிற பேருக்கே ஒரு ராசி', இந்த மாதிரி வரி வந்தா உடனே அடிச்சுடுங்க. விஞ்ஞானி உழைச்சது அவர் உழைப்பு, நடிகர் சிரிக்க வச்சது அவர் திறமை, பேருக்கு அதுல பங்கு கிடையாது. 'அதே மாசம்', 'அதே வருஷம்', 'அதே படத்துல'ன்னு உண்மையான இணைப்பு இருந்தா எழுதுங்க, இல்லன்னா ஒரு கோடு போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போங்க. எல்லாருக்கும் ஒரே நீளம் வேணும்னும் இல்ல, சொல்ல நிறைய இருக்கிறவருக்கு ஒரு பக்கம், மத்தவருக்கு நாலு வரி, தப்பில்ல.

பொம்பளைங்க விஷயத்துக்கு வர்றேன், இத பல மலர்ல விட்டுடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். நம்ம நாட்டுல ஐசியில, அதாவது அடையாள அட்டையில, ஏ/பி (மகள்) கிருஷ்ணன்னு இருக்கிற பெண்கள் எத்தன பேர், கல்யாணத்துக்கு அப்புறமும் ஐசியில அந்தப் பேர் மாறாது. டீச்சரா, நர்ஸா, ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவங்களா, வழக்கறிஞரா இருந்திருப்பாங்க. ஆண்பால் பேரா இருக்கேன்னு அவங்கள ஒதுக்கினா தொகுப்புல பாதி ஆள் காணாம போயிடும். தேடும்போதே ஏ/எல் (மகன்), ஏ/பி ரெண்டையும் பாருங்க.

உங்க வட்டாரத்து ஆளுங்களையும் ஒரு பகுதியா சேர்க்கப் போறீங்கன்னா, கண்டிப்பா சேருங்க, ஆனா நேர்ல போய் கேட்டுட்டு எழுதுங்க. வயசானவங்க வீட்டுக்குப் போனா 'தாத்தா, உங்க அப்பா எந்தத் தோட்டத்துல இருந்தாங்க, அப்ப கிராணி (தோட்டத்து கிளார்க்) யாரு'ன்னு ஆரம்பிங்க, பேர் கதை தானா வெளிய வரும். எழுதினத அவங்களுக்குப் படிச்சுக் காட்டி சம்மதம் வாங்கணும். ஐசி நம்பர், வீட்டு அட்ரஸ், இதெல்லாம் அச்சுல வரவே கூடாது, பழைய ஆவணத்த போட்டோவா போட்டா அந்த எண்ண மறைச்சுடுங்க. குடும்பத்துல ஒருத்தர் வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, கெஞ்ச வேணாம்.

அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு பரிசோதனை பண்ணுங்க. ஒவ்வொரு குறிப்புலயும் பேர் வர்ற இடத்த பேப்பர் வச்சு மூடிட்டு, இந்த வேலையில சேராத ஒருத்தர்கிட்ட கொடுத்து படிக்கச் சொல்லுங்க. ஒவ்வொண்ணும் வேற வேற மனுஷன்னு அவருக்குப் புரியணும். ரெண்டு குறிப்பு ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னாருன்னா அந்த ரெண்டு அட்டையையும் எடுத்து மறுபடி ஊர், அப்பா பேர், படைப்புன்னு சரி பாத்து எழுதிட்டு, அதுக்கப்புறம் பிரிண்டருக்கு அனுப்புங்க.