விண்டோஸ் 10 கணினியை என்ன செய்வது: செலவும் வழிகளும்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. கணினி வழக்கம்போல ஓடும். ஆனால் அதன்பின் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். நெட்பேங்கிங், வருமான வரித் தாக்கல், ஆதார் நகல் எல்லாம் இருக்கும் கணினியை அப்படி விட்டுவைப்பது ஆபத்து. அதற்காகக் கடைக்காரர் "புதுசு வாங்கிடுங்க" என்று சொன்னதுமே பணத்தை எடுத்துவிடவும் வேண்டாம். ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்து, வன்பொருளும் பொருந்தினால், விண்டோஸ் 11-க்கு மாற ஒரு பைசா கட்டணம் கிடையாது. தகுதியில்லை என்று காட்டும் கணினிகளிலும் பலவற்றில் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) ஒரு செட்டிங் அணைந்திருப்பதுதான் காரணம்.

தகுதி பார்ப்பது

முதலில் லைசென்ஸ். செட்டிங்ஸில் அப்டேட் அண்டு செக்யூரிட்டி, அதில் ஆக்டிவேஷன். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் நல்லது. வீட்டுக் கணினியில் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் இயக்கப்பட்டது என்று வந்தால், யாரோ கிராக் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றே கொள்ளலாம். லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸ் 10 அல்லது 8 சேர்ந்து வந்திருந்தால், அதன் கீ பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அது விண்டோஸ் 10-க்குரியதாக இருந்தால் புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது தானாகவே வேலை செய்யும். விண்டோஸ் 7, 8 கீகளை வைத்து 10-ஐயோ 11-ஐயோ புதிதாக ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது.

அடுத்தது பிராசஸர். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல். ஐ5-8250யு என்றால் 8, ஐ5-10400 என்றால் 10. ஐ3-1115ஜி4 என்பது முதல் தலைமுறை அல்ல, 11-ஆம் தலைமுறை. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஐ5-7200யு தேறாது. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையில் சில மட்டுமே தேறும், 3000 வரிசையில் பெரும்பாலானவை தேறும். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் எது இடிக்கிறது என்று சொல்லிவிடும். ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி என்பது விதி. நடைமுறையில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாமல் விண்டோஸ் 11-ஐப் போடுவது கணினிக்கும் உங்களுக்கும் வதை.

பிராசஸர் சரி, டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும், சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்று வந்தால் பயாஸுக்குள் போக வேண்டும். கணினியை ஆன் செய்ததும் அழுத்த வேண்டியது டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, அசெம்பிள் செய்த கணினிகளில் பெரும்பாலும் டெலிட் விசை. இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், எனேபிள் செய்யுங்கள். தனியாக டிபிஎம் சிப் வாங்கத் தேவையே இல்லை.

பயாஸைத் தொடும் முன் ஒரு வேலை இருக்கிறது. பல லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு இயங்கிக்கொண்டிருக்கும். டிபிஎம், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) செட்டிங்கை மாற்றியதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிடும். அது கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போனதுதான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிவையுங்கள்.

சி, டி, ஈ என்று பிரித்த பழைய டிஸ்க்

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் பயாஸ் மோட் என்ற வரி வரும். யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றிருந்தால் பயாஸில் செக்யூர் பூட்டை இயக்கினால் போதும். லெகசி (பழைய பூட் முறை) என்றிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் வகையில் இருக்கிறது. அவசரப்பட்டு பயாஸை யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் கணினி பூட் ஆகாது. அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம், திரும்ப லெகசிக்கு மாற்றினால் எழுந்துவிடும்.

சரியான வரிசை இது: முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றுங்கள், பிறகு பயாஸை மாற்றுங்கள். விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சாய்கோட்டுடன் வேலிடேட் என்ற கட்டளையை முதலில் கொடுங்கள், தேறினால் கன்வர்ட். விண்டோஸ் ஓடும்போதே செய்வதால் இரண்டோடும் அலவ்ஃபுல்ஓஎஸ் என்பதையும் சேர்க்க வேண்டும் (mbr2gpt /validate /allowFullOS, பிறகு mbr2gpt /convert /allowFullOS). டேட்டா அழியாது. ஆனாலும் பேக்கப் இல்லாமல் தொடாதீர்கள்.

இங்கேதான் நம் ஊர்க் கணினிகள் மாட்டிக்கொள்கின்றன. 500 ஜிபி டிஸ்க்கை நான்கைந்தாகப் பிரித்து, டி, ஈ, எஃப்பை லாஜிக்கல் பார்ட்டிஷனாகப் போட்டிருப்பார்கள். லாஜிக்கல் பார்ட்டிஷன் ஒன்று இருந்தாலும் வேலிடேட் தோற்றுவிடும். பிரைமரி பார்ட்டிஷனும் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அவற்றில் உள்ளதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லாஜிக்கல் பார்ட்டிஷன்களையும், அவற்றைச் சுமக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனையும் நீக்கிவிட்டு மறுபடி வேலிடேட் கொடுங்கள். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் ஓடுகிறது என்றால் இந்தப் பாடே வேண்டாம். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அதில் புதிதாக இன்ஸ்டால் செய்வதே மேல். 2025 இறுதியிலிருந்து மெமரி சிப் விலை ஏறியிருக்கிறது. ஆனாலும் இந்தச் செலவு வீண் போகாது.

தகுதி தேறிய பின் வேலை எளிது. சி டிரைவில் 25 ஜிபியாவது காலியாக வைத்து, மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் விண்டோஸ் 11 இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட்டை ஓட்டினால் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். 32 பிட் விண்டோஸ் 10 என்றால் இந்த வழி இல்லை. 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலரை எழுதிப் புதிதாகத்தான் போட வேண்டும். பிரிண்டரோ ஸ்கேனரோ மக்கர் செய்தால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி வழியாகப் பழையதற்குத் திரும்பலாம். அதுவரை டிஸ்க் கிளீனப் ஓட்டாதீர்கள். பழைய விண்டோஸ் அழிந்து திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

பிராசஸரே பழையது என்றால்

அவகாசம் வாங்க இஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும். விலை 30 டாலர். ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். விண்டோஸ் பேக்கப்பில் கணினி செட்டிங்குகளை ஒத்திசைக்கச் சம்மதித்தால் அந்த 30 டாலரும் வேண்டாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருந்துகொண்டு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் வரும் இணைப்பு வழியாகச் சேருங்கள். செட்டிங்குகளை மட்டும் ஒத்திசைத்தால் போதும். படங்கள், ஆவணங்கள் ஃபோல்டர்களையும் இயக்கிவிட்டால் ஒன்டிரைவின் இலவச 5 ஜிபி நிரம்பி, இடம் வாங்கச் சொல்லும். நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு: ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு.

பிரவுசர், யூடியூப், கடிதம் தட்டச்சு இவைதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். முற்றிலும் இலவசம், 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு இன்ஸ்டால் செய்யலாம். ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். டேலி பயன்படுத்துபவர்களுக்கும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை நம்பித் தொழில் செய்பவர்களுக்கும் இது தோதுப்படாது.

பென்டிரைவில் இன்ஸ்டாலர் எழுதும் ரூஃபஸ் என்ற கருவி மூலம் தகுதிச் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போடும் வழியும் உண்டு. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டும். மிகப் பழைய கோர் 2 காலத்துச் சிப்புகளில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. இரண்டாவது கணினிக்குச் சரி, கடைக் கணக்கு வைத்திருக்கும் கணினிக்கு வேண்டாம்.

லைசென்ஸே இல்லாதவர்கள் மட்டும்தான் வாங்க வேண்டும். அமெரிக்க விலை ஹோம் 139 டாலர், ப்ரோ 199 டாலர். வீட்டுக்கு ஹோம் போதும். தனியாக வாங்கும் ரீடெயில் லைசென்ஸை வேறு கணினிக்கு மாற்றலாம், கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு போய்விடும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீகள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கான மொத்த லைசென்ஸிலிருந்து கசிந்தவை. இன்று ஆக்டிவேட் ஆகும், மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டால் விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது.