ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் நியூட்ரல் சுவிட்ச் மாற்றும் முறை

பார்க்கில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினால் ஆகும். ரிவர்ஸ் லைட் நினைத்தால் எரியும். ஸ்கேனரில் பி0705 என்ற பிழைக் குறியீடு காட்டும். சந்தேகம் நியூட்ரல் சுவிட்ச் மேல், அதாவது கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கியர் பொசிஷன் சுவிட்ச் மேல் விழுவது நியாயம்தான், ஆனால் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். கியர் லீவரின் கேபிள் தளர்ந்தாலும், கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் இதே கோளாறுதான் வரும். கனெக்டரைக் கழற்றி, ஸ்டார்ட்டர் லைனுக்கான இரண்டு பின்களில் மல்டிமீட்டரை வையுங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் கன்டினியூட்டி (மின் தொடர்பு) வர வேண்டும். லீவரை லேசாக அசைத்தால் விட்டுவிட்டு வருகிறதா, சுவிட்ச் போய்விட்டது.

இங்கே சொல்வது டொயோட்டா கொரோலா மாதிரியான கேபிள் வகை முன்சக்கர வண்டிகளுக்கு. வேலையின்போது கியர் நியூட்ரலில் இருக்கும். அதனால் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கை நுழையாவிட்டால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுங்கள்.

கேபிள், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மேலுள்ள சின்ன லீவர் இரண்டையும் கழற்றியபின் ஷாஃப்ட் நட்டின் லாக் வாஷர் காதுகளை நிமிர்த்தி நட்டை எடுங்கள். அடுத்து இரண்டு போல்ட்டு. துருவில் சுவிட்ச் சிக்கியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருங்கள், சுத்தியல் வேண்டாம். பழைய சுவிட்சுக்குள் கியர்பாக்ஸ் ஆயில் இருந்தால் ஷாஃப்ட் சீல் கசிகிறது. அதை விட்டுவிட்டால் புதிய சுவிட்சும் அதே வழியில் போகும்.

உண்மையான வேலை அலைன்மென்ட்தான். ஷாஃப்ட்டைப் பார்க் முனைவரை திருப்பி, இரண்டு 'கிளிக்' திரும்பக் கொண்டுவந்தால் நியூட்ரல். சுவிட்சை ஏற்றி போல்ட்டுகளைத் தளர்வாக விடுங்கள். புதிய லாக் வாஷர் போட்டு நட்டை 6.9 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, காதை மடியுங்கள். சுவிட்சின் நடுவிலுள்ள பள்ளமும் அதன் உடலிலுள்ள நியூட்ரல் கோடும் ஒரே நேராக வரும்வரை சுவிட்ச் உடலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டுகளை 5.4-இல் முடுக்குங்கள். லீவர் நட்டுக்கு 13. எல்லாம் சின்ன அளவுகள். சக்கர நட்டுக்கான டார்க் ஸ்பேனரைக் கொண்டுவந்தால் அலுமினிய மரை வழுக்கும்.

கேபிளை நியூட்ரலிலேயே மாட்டுங்கள். கனெக்டரையும் பேட்டரி நெகட்டிவையும் திரும்ப மாட்டுங்கள். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ரிவர்ஸிலோ டிரைவிலோ ஸ்டார்ட்டர் சுற்றினால் வண்டி பாய்ந்துவிடும். போல்ட்டைத் தளர்த்தி மறுபடி கோடு பிடியுங்கள். சுவிட்சைத் தவிர்த்து வயரை நேரே முறுக்கிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று அனுப்பும் வழக்கம் ஆளைக் கொல்லும். ரிவர்ஸ் லைட்டும் டேஷ்போர்டில் கியர் எழுத்தும் சரியாக வந்தபின் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.